குடிலுக்கு முன்னால் ஒரு குரல்

கத்தோலிக்கக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் புத்தக அடுக்கில் எவை இருக்க வேண்டும்? அவற்றை எப்படிப் படிக்க வேண்டும்?

டிசம்பர் 24 இரவு கோயிலில் வாசிக்கப்படும் நற்செய்தி, கதையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முதல் 14 வசனங்கள்தான் நள்ளிரவுத் திருப்பலிக்கு உரியவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது, பெத்லகேம் பயணம் வருகிறது, குழந்தை பிறந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது, வயல்வெளிக்கு மேலே வானதூதர்கள் பாடுகிறார்கள். அத்துடன் வாசகம் முடிந்துவிடுகிறது. இடையர்கள் இன்னும் வயலைவிட்டுக் கிளம்பவே இல்லை. அவர்கள் எழுந்து போய்க் குழந்தையைக் காணும் அடுத்த 6 வசனங்கள் விடியற்காலைத் திருப்பலிக்கு ஒதுக்கப்பட்டவை. நள்ளிரவுப் பூசை கண்டு, வீட்டுக்கு வந்து, கேக் வெட்டிப் படுத்தவர்கள் அதற்கு எழுந்து வருவது அபூர்வம். மத்தேயு தரும் மூதாதையர் பட்டியல் முந்தைய மாலைத் திருப்பலிக்குரியது. பகல் திருப்பலிக்கோ யோவானின் முன்னுரை. அதில் தொழுவமும் இல்லை, குழந்தையும் இல்லை. கீழ்த்திசை ஞானிகள் ஜனவரியில் திருக்காட்சிப் பெருவிழாவுக்குத்தான் வருகிறார்கள். எகிப்துக்குத் தப்பி ஓடிய கதை, மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு மட்டும் திருக்குடும்ப விழாவில் வாசிக்கப்படும். அந்த ஆண்டிலும் ஏரோது குழந்தைகளைக் கொன்ற மூன்று வசனங்களைத் தாண்டித்தான் வாசகம் செல்கிறது. அந்த வசனங்களைக் கேட்க வேண்டுமானால் டிசம்பர் 28ஆம் தேதி, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று கோயிலுக்குப் போக வேண்டும்.

திருச்சபையின் வாசக ஒழுங்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பலிக்கும் ஒரு பொருள் வைத்து, அதற்கேற்ற பகுதியைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழிபாட்டின் இயல்பு. ஆனால் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் சொல்லும் இடம் கோயில் இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அந்த இடம் வீடுதான். விளக்குகள் மின்னும் குடிலுக்கு முன்னால் ஒருவர் புத்தகத்தை விரித்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்துக்கான நல்ல கிறிஸ்துமஸ் புத்தகங்கள் எவை என்று கேட்டால், என் அளவுகோல் இது ஒன்றுதான்: குரலைத் தாங்கும் புத்தகமா அது? அட்டையின் பளபளப்பும் பக்க எண்ணிக்கையும் படங்களின் வண்ணமும் அதற்குப் பிறகு வரட்டும். இந்த அளவுகோல் நானாகக் கண்டுபிடித்ததும் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கரின் நானூற்றைம்பது ஆண்டுப் புத்தக வரலாறே இதைத்தான் காட்டுகிறது.

கேட்டு வளர்ந்த விசுவாசம்

"புத்தகம் புரொட்டஸ்டண்டுகாரர்களின் மரபு. நமக்குச் செபமாலை, சுரூபம், தேர், திருவிழா" என்று கத்தோலிக்கரே சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தரங்கம்பாடியில் புரொட்டஸ்டண்டு போதகர் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறிவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கரின் கைக்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு வந்து சேர அதன்பின் நூறாண்டுக்கும் மேல் ஆனது. ஆனால் விவிலிய அச்சு தாமதமானதை வைத்துப் புத்தக மரபே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்'. அண்டிரிக் அடிகளார் தந்த 16 பக்கச் செபப் புத்தகம் அது. அதற்கும் முன்பே, 1554இல், லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் தமிழ்ச் செபங்கள் அச்சாகியிருந்தன. தமிழ் அச்சின் தொட்டில் கத்தோலிக்கரின் கையில்தான் ஆடியது. அந்த நூல்கள் எந்த வகையானவை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மனப்பாடம் செய்யவும், கூடிச் சொல்லவும், ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லவும் அமைந்த நூல்கள் அவை. தனியறையில் மௌனமாகப் புரட்டுவதற்கு அவற்றில் எதுவும் இல்லை.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் செய்ததும் இதையே. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் வேலைக்காரர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கும்படி அந்தச் சிறுவர்களையே ஏவியதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த தலைமுறையில், 1586இல், அண்டிரிக் அடிகளாரின் புனிதர் வரலாறு அச்சேறியது. அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கடற்கரை ஊர்களில் இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு என்ன வேலை? ஒருவர் வாசிக்க ஊரே கேட்டிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. வாழ்ந்த மொழிக்கு நெருக்கமாக அதன் உரைநடை ஓடுவதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அந்த நூலை இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் 'அடியார் வரலாறு' என்ற பெயரில் மறுபடி பதிப்பித்தார்.

இலங்கைப் பக்கம் பார்த்தாலும் இதே போக்குதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவாவிலிருந்து சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ராகம் போட்டு ஓதப்பட்டுவரும் நூல். அதைக் கேட்டவர்களோடு ஒப்பிட்டால் கையில் பிடித்துப் படித்தவர்கள் மிகச் சிலர். மன்னார்ப் பகுதியில் மூன்று ராசாக்கள் குழந்தையைத் தேடி வந்த கதை 'மூவிராசாக்கள் வாசாப்பு' என்ற கூத்தாகவே ஆடப்பட்டது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், வீரமாமுனிவர் ஒரு புனிதையின் கதையை எழுதத் தேர்ந்த வடிவம் பெண்கள் பாடி விளையாடும் அம்மானை. 'கித்தேரியம்மாள் அம்மானை' அப்படிப் பிறந்ததுதான். செபப் புத்தகம், புனிதர் வரலாறு, பிரசங்கம், கூத்து, அம்மானை என்று வகை எதுவானாலும், தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் காதை நம்பி எழுதப்பட்டவை. இன்று நம் வீடுகளில் அருகிப்போனது அந்தக் குரல். புத்தகம் பெட்டியில் இருக்கிறது, விவிலியம் பீடத்தில் பூவோடு இருக்கிறது, வாசிக்கிறவர்தான் இல்லை.

முதல் புத்தகம்: 180 வசனங்கள்

ஆகவே முதல் கிறிஸ்துமஸ் புத்தகத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை. நான்கு நற்செய்திகளில் மாற்கும் யோவானும் இயேசுவின் குழந்தைப் பருவத்தைச் சொல்வதில்லை. மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களும்தான் முழுக் கதை. எண்ணிப் பார்த்தால் மத்தேயுவில் 48, லூக்காவில் 132, ஆக மொத்தம் 180 வசனங்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரு நாள் பகுதிக்கு ஆகும் நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம். ஒரே நாளில் முடியாவிட்டால், வழிகாட்டி திருச்சபையிடமே இருக்கிறது. டிசம்பர் 17 முதல் 24 வரை வார நாள் திருப்பலிகளில் மத்தேயுவின் முதல் அதிகாரமும் லூக்காவின் முதல் அதிகாரமும் நாளுக்கொரு பகுதியாக வரிசை தவறாமல் வாசிக்கப்படுகின்றன. 17ஆம் தேதி மூதாதையர் பட்டியல், 18ஆம் தேதி யோசேப்பின் கனவு, 19ஆம் தேதி செக்கரியா, 20ஆம் தேதி கபிரியேல் மரியாவிடம் வருவது, 21ஆம் தேதி எலிசபெத்தின் வீடு என்று அது போகும். காலையில் கோயிலுக்குப் போக முடியாத குடும்பம் அதே பகுதியை இரவுச் செபத்தோடு வாசித்தால், எட்டு நாளில் கதை பெத்லகேம் வாசலுக்கு வந்துவிடும்.

"மூதாதையர் பட்டியலைப் பிள்ளைகளிடம் வாசித்தால் தூங்கிவிடுவார்கள்" என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அந்தப் பட்டியலே ஒரு கதைப் பெட்டி. பதினான்கு பதினான்காக மூன்று அடுக்குத் தலைமுறைகள் என்று கணக்குக் காட்டும் மத்தேயு, ஆண்கள் பெயராக அடுக்கிக்கொண்டே வந்து, மரியாவுக்கு முன் நான்கு பெண்களை நுழைக்கிறார்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. ஒருத்தி மாமனாரை ஏமாற்றி உரிமையைப் பெற்றவள், ஒருத்தி எரிகோ நகரத்து விலைமகள், ஒருத்தி வேற்று நாட்டு மருமகள், ஒருத்தி தாவீது மன்னன் அபகரித்த அடுத்தவன் மனைவி. வம்சப் பெருமை பேச வேண்டிய இடத்தில் மத்தேயு ஏன் இவர்களைச் சொல்ல வேண்டும்? உரக்க வாசிக்கும்போதுதான் இந்த இடறல் காதில் விழும். கண்ணால் படிப்பவர் தாவிப் போய்விடுவார். சாதியும் குலமும் பார்த்து வரன் தேடும் கத்தோலிக்க வீடுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அங்கே இந்தப் பட்டியல் டிசம்பர் 17ஆம் தேதி தவறாமல் வாசிக்கப்பட வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்விக்கு, 1995இல் வெளியான 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு என்று பதில் சொல்லலாம். வாய்க்கு எளிதாக வரும் தமிழ். அதன் கத்தோலிக்கப் பதிப்பில், மற்ற சபையினரின் விவிலியத்தில் இல்லாத இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் 'தோபித்து' பிள்ளைகளுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: பார்வை இழந்த தகப்பன், கடன் வசூலிக்கத் தொலைதூரம் போகும் மகன், வழித்துணையாக மாறுவேடத்தில் வரும் வானதூதர், ஆற்றிலிருந்து பாயும் மீன், கூடவே ஓடும் ஒரு நாய். திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில் இந்த 14 அதிகாரங்களை வாசித்து முடித்தால், வானதூதர் என்றால் யார் என்று கபிரியேல் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

பேசாத தச்சருக்கு ஒரு காப்பியம்

விவிலியம் முழுவதிலும் யோசேப்பு என்னும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். அந்த மௌனத்தைத் தலைவனாக வைத்து ஒரு காப்பியம் இருக்கிறது. உலக மொழிகளில் அதற்கு இணை தேடினாலும் எளிதில் கிடைக்காது. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவர் 1726இல் முடித்த 'தேம்பாவணி'தான் அது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். சூசையப்பருக்கு அவர் வைத்த பெயர் வளன். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களாலான அணி என்றும் நூலின் பெயரை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். யூதேயாவில் மழை பெய்து, ஆறு பெருகி, வயலில் பாய்வதை முனிவர் பாடும்போது அது காவிரி நாடாகவே இருக்கிறது. மரியா கருவுற்றதை அறிந்து வளன் தவிப்பதை மத்தேயு ஒரே வசனத்தில் முடிக்கிறார். காப்பியமோ அந்தத் தவிப்பை விரித்து, அது தோன்றியதையும் நீங்கியதையும் தனித்தனியே பாடுகிறது. எகிப்துக்குப் போகும் வழியில் மோசே, யோசுவா, கிதியோன், சிம்சோன் கதைகளை வானதூதர்கள் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். கைக்குழந்தையோடு அகதியாக நடக்கும் ஒரு குடும்பத்துக்கு வழிநெடுகக் கதை சொல்லப்படுகிறது என்ற அந்த அமைப்பே, குடும்பத்தில் புத்தகம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல விளக்கம்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம், கடினமான நடை. மறுப்பதற்கில்லை; 3615 விருத்தங்களையும் எந்தக் குடும்பமும் டிசம்பரில் வாசித்துவிட முடியாது. ஆனால் விருத்தம் ஓசைக்காக எழுதப்படுவது. பொருள் முழுதும் விளங்குமுன் சந்தம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். கம்பராமாயணம் தமிழ்க் காதுகளுக்குப் பழகியது இப்படித்தான். குழந்தை பிறக்கும் படலத்தில் பத்துப் பாடல், எகிப்துப் பயணத்தில் பத்துப் பாடல் என்று தேர்ந்து, உரையோடு கூடிய பதிப்பை வைத்து, ஒருவர் பாட்டையும் ஒருவர் உரையையும் வாசித்தால் போதும். பள்ளிப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்து மதிப்பெண்ணோடு மறந்துபோகும் பாடல்கள், குடிலுக்கு முன் வாசிக்கும்போது தம் சொந்த வீட்டுக்கு வந்து சேரும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. தேம்பாவணியில் வருவதில் பெரும்பகுதி விவிலியத்தில் இல்லை. ஸ்பெயின் நாட்டில் ஆக்ரெதா ஊரின் மரியா என்ற துறவி எழுதிய மரியாவின் வரலாறே முனிவருக்கு முக்கிய ஆதாரம். அந்த நூலே ரோமையில் சர்ச்சைக்கு உள்ளானது. பிள்ளைகளுக்கு எது நற்செய்தி, எது புலவர் கற்பனை என்று குழப்பம் வராதா? வரும். ஆனால் அந்தக் குழப்பம் குடிலிலேயே இருக்கிறது. மாடும் கழுதையும் மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. எசாயா முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து அவை தொழுவத்துக்கு வந்தன. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளிலிருந்து நாம் மூவரை எண்ணிக்கொண்டோம். மரியாவின் பெற்றோரான சுவக்கின், அன்னாள் என்ற பெயர்கள் யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு புறநூலில் வருபவை. ஆனாலும் ஜூலை 26இல் அவர்களுக்குத் திருச்சபை விழா எடுக்கிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், இயேசுவின் குழந்தைப் பருவம் பற்றி 2012இல் வெளியிட்ட நூலில், நற்செய்தியில் விலங்குகள் இல்லை என்று எழுதினார். அதே இடத்தில், எந்தக் குடிலும் அவற்றை விட்டுவிடாது என்றும் சொன்னார். அதே நிதானம் வீட்டிலும் வேண்டும். முதலில் 180 வசனங்கள், பிறகு தேம்பாவணி என்ற வரிசையைக் காத்தால், "இது லூக்காவில் இல்லையே" என்று பிள்ளையே எழுந்து சொல்லும். அப்படிச் சொல்லும் பிள்ளை, மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தாலும் கிடைக்காத ஒன்றைப் பெற்றுவிட்டது.

புனிதர்கள் வீட்டுக்கு வரும் மாதம்

மூன்றாவது அடுக்கு புனிதர் வரலாறுகள். டிசம்பர் நாள்காட்டியே ஒரு பொருளடக்கம்: 3ஆம் தேதி சவேரியார், 6ஆம் தேதி பரிசுத் தாத்தாவின் மூலவரான நிக்கோலா, 13ஆம் தேதி லூசியா, 26ஆம் தேதி கல்லால் எறியப்பட்ட ஸ்தேவான், 27ஆம் தேதி அருளப்பர் என்ற யோவான். பிறப்பு விழாவின் மறுநாளே ஒரு கொலையை நினைவுகூர வைக்கும் இந்த வரிசையை வெறும் பொம்மைக் கடை கிறிஸ்துமஸ் தாங்காது, புத்தகம் தாங்கும். ஜனவரி 14இல் நம் மண்ணின் தேவசகாயம் பிள்ளை வருகிறார். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். செல்வ இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. அந்த ஒரு கதைதான் அவரை 1745இல் வடக்கன்குளத்துத் திருமுழுக்குத் தொட்டிவரை நடத்திச் சென்றது. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15இல் புனிதரானார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். அவருடைய மனமாற்றத்தின் தொடக்கமும் காதில் விழுந்த ஒரு கதைதான்.

புனிதர் வரலாறுகள்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: புதுமை மேல் புதுமையாக அடுக்கி, மனிதரை மறைத்துவிடுகின்றன என்பது. சில சிறு நூல்கள் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றை வாங்காமல் விடுவதே மரியாதை. நல்ல புனிதர் வரலாறு எப்படி இருக்கும் என்பதற்குக் குழந்தை தெரேசம்மாளின் தன்வரலாறு சான்று. 1897இல் அவர் இறந்து, அடுத்த ஆண்டு வெளியான நூல் அது. 1886 கிறிஸ்துமஸ் இரவை அவர் எழுதியிருக்கும் பக்கத்தில் காட்சியோ ஒளியோ கிடையாது. நள்ளிரவுப் பூசையிலிருந்து திரும்புகிறார்கள். பரிசு நிறைத்து அடுப்பங்கரையில் வைக்கும் காலணி காத்திருக்கிறது. களைத்துப்போன அப்பா, இந்தப் பிள்ளை விளையாட்டு இதுதான் கடைசி வருஷம் என்ற பொருளில் சலித்துக்கொள்கிறார். மாடிப்படியில் அதைக் கேட்டுவிட்ட 13 வயதுப் பெண், எதற்கெடுத்தாலும் அழுபவள், கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து சிரித்த முகத்தோடு பரிசுகளைப் பிரிக்கிறாள். தன் முழு மனமாற்றம் அந்த நொடியில் நடந்தது என்கிறார் தெரேசம்மாள். வளரும் பிள்ளையும் களைத்த தகப்பனும் உள்ள எந்த வீட்டிலும் இதை வாசித்தால் இருவரும் தங்களை அடையாளம் காண்பார்கள்.

கதைப் புத்தகத்துக்கு இடம் உண்டா?

கத்தோலிக்கர் எழுதாத நூல்களை இந்த அடுக்கில் வைக்கலாமா என்று சிலர் தயங்கலாம். வைக்கலாம், குரல் தாங்குமா என்ற அதே சோதனையை அவற்றுக்கும் வைத்தால் போதும். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கஞ்சன் ஸ்க்ரூஜின் கிறிஸ்துமஸ் கதையில் கோயிலுக்குப் பெரிய இடமில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையை மறந்து கொண்டாடும் விழா விழாவே அல்ல என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை குறைவு. அதை மேடையில் உரக்க வாசித்தே டிக்கன்ஸ் அரங்குகளை நிறைத்தார். அதைவிட நமக்குப் பயன்படுவது அவருடைய இன்னொரு செயல்: 1840களில் தம் பிள்ளைகளுக்காக மட்டும் இயேசுவின் வாழ்க்கையை எளிய நடையில் எழுதி வைத்து, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸில் அவர்களுக்கு வாசித்தார். தம் பிள்ளைகள் இருக்கும்வரை அதை வெளியிட அவர் விடவில்லை. 1934இல்தான் அது அச்சானது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் வீட்டுக்கென்று எழுதி, வீட்டோடு வைத்துக்கொண்ட புத்தகம். செருப்புத் தைக்கும் கிழவன் ஆண்டவரின் வருகைக்காக நாள் முழுக்கக் காத்திருந்து, வந்த ஏழைகளில் அவரைக் காணும் டால்ஸ்டாயின் கதையும், ஞானிகளின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஓ ஹென்றியின் கணவன் மனைவி கதையும் ஒரே அமர்வில் முடிபவை.

தமிழில் இந்த இடத்துக்கு உரிய நூல் கண்ணதாசனின் 'இயேசு காவியம்'. 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய கவிஞரே நற்செய்திக் கதையை எளிய சந்தத்தில் பாடியிருக்கிறார். தேம்பாவணிக்குப் பயிற்சி போதாத வாய்க்கு இது பொருத்தமான படி. திரைப்பாட்டில் பழகிய காதுக்குச் சட்டென்று ஒட்டும். சிரிக்க வைக்கும் புத்தகமும் விழாவுக்கு வேண்டுமே என்பவர்களுக்கு வீரமாமுனிவரே இன்னொன்று வைத்திருக்கிறார்: 'பரமார்த்த குரு கதை'. மறையுரை எதுவும் இல்லாத நூல்தான். ஆனால் முட்டாள் சீடர்களின் கதையை எழுதிய கையும் தேம்பாவணி எழுதிய கையும் ஒன்று என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, பக்தி என்றால் எப்போதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது என்று நினைக்காது.

சூசையப்பரா, யோசேப்பா?

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சொற்கள். பாட்டிக்குச் சூசையப்பர், பேரனுக்கு யோசேப்பு. அவருக்கு இராயப்பர், சின்னப்பர், சம்மனசு, அர்ச்சியசிஷ்டர். இவனுக்குப் பேதுரு, பவுல், வானதூதர், புனிதர். வழிபாட்டுத் தமிழ் மாறியதில் ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு அகராதிகள் உருவாகிவிட்டன. பழைய செபப் புத்தகங்களை இதனால் ஒதுக்கிவிடலாம் என்பது பலரின் முடிவு. மௌனமாகப் படிக்கும்போது பழைய சொல் தடைதான். ஆனால் உரக்க வாசிக்கும்போது "சம்மனசுன்னா யாரு?" என்று கேட்க ஒரு பிள்ளையும், சொல்ல ஒரு பாட்டியும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக உதட்டில் தேய்ந்த சொற்களைக் காப்பாற்ற வேறு அருங்காட்சியகம் தேவையில்லை.

இரண்டாவது, கைப்பேசி. நற்செய்தி முழுதும் ஒலிவடிவில் கிடைக்கும்போது, தெளிவான உச்சரிப்போடு யாரோ வாசித்து வைத்திருக்கும்போது, வீட்டில் ஒருவர் தடுமாறி வாசிப்பானேன்? குரல்தான் முக்கியம் என்றால் அந்தக் குரல் போதாதா? பார்வை குறைந்தவர்களுக்கும் தனியே இருப்பவர்களுக்கும் அது பெரும் கொடை, ஐயமில்லை. ஆனால் பதிவான குரல் யாருக்காகவும் நிற்காது. ஏரோது அத்தனை குழந்தைகளையும் கொன்றபோது வானதூதர் ஏன் யோசேப்பின் கனவில் மட்டும் வந்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிவு அடுத்த வசனத்துக்குப் போய்விடும். அப்பாவின் குரல் நின்றுபோகும். அவரிடம் பதில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படத் தக்கது என்று ஒப்புக்கொள்ளும் மௌனம் போதும். கோயிலின் விழா வாசகம் தாண்டிச் செல்லும் மூன்று வசனங்களுக்கு வீட்டில்தான் நிற்க நேரம் உண்டு.

குடிலே இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு, குடிலின் தொடக்கமே பதில் சொல்கிறது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலில் மரியாவும் இல்லை, சூசையப்பரும் இல்லை, பாலன் சுரூபமும் இல்லை. வைக்கோல் நிறைந்த ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, தீப்பந்தங்களோடு கூடிய ஊர்மக்கள். திருத்தொண்டரான பிரான்சிஸ் எழுந்து அன்றைய நற்செய்தியைப் பாடினார். அந்த வெறும் தொட்டியைக் குடிலாக்கியது அவர் பாடிய நற்செய்திதான். இன்று நம் குடில்களில் சுரூபங்கள் அத்தனையும் இருக்கின்றன. நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்புமுன் பாலனைத் தொழுவத்தில் வைக்கும் நேரத்தில், லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் மிகச் சிறிய வாசகர் கையில் கொடுக்கலாம். பதினான்காம் வசனத்தில் நிறுத்தாமல் இருபதுவரை வாசிக்கட்டும். இடையர்கள் அந்த வீட்டிலாவது தொழுவம்வரை வந்து சேர்வார்கள்.